திரில்லர் டைட்டில் செய்வது எப்படி: 75 நொடி, 12 கார்டு

கறுப்புப் பின்னணி, விடாமல் நடுங்கும் எழுத்து, ஓரத்தில் ரத்தத் தெறிப்பு, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு ‘டம்’. இந்த டெம்ப்ளேட்டை வாங்கிப் பெயரை மாற்றிப் போட்டால் திரில்லர் டைட்டில் தயார் என்று குறும்படக்காரர்கள் பலர் நம்புகிறார்கள். பார்ப்பவருக்கு இது திரில்லர் என்பது மட்டும் புரியும், பதற்றம் வராது. பதற்றம் வர வேண்டுமானால் அவர் ஏதோ ஒன்றுக்காகக் காத்திருக்க வேண்டும். ரத்தத்தையே காட்டிவிட்ட பிறகு காத்திருக்க என்ன மிச்சம்?

1979-இல் வந்த ‘ஏலியன்’ படத்துக்கு ரிச்சர்ட் கிரீன்பெர்க் செய்த டைட்டிலைப் பாருங்கள். ஒரு கிரகத்தின் மேல் கேமரா மெல்ல ஊர்கிறது. திரையின் மேல்பகுதியில் ஒரு சின்னக் கோடு தோன்றுகிறது. கொஞ்ச நேரம் கழித்து, தள்ளி இன்னொரு கோடு. அது எழுத்தா, வேறு ஏதாவதா என்று தெரிவதற்கே நேரமாகிறது. கடைசியில்தான் கோடுகள் கூடிப் படத்தின் பெயராகின்றன. வேற்றுயிர் கண்ணில் படவே இல்லை, ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை.

கீழே உள்ள அளவுகள் 20 நிமிடக் குறும்படத்துக்கானவை: நொடிக்கு 24 ஃப்ரேம், 1920 × 1080 பிக்ஸல்.

எதை மறைப்பது?

சாஃப்ட்வேரைத் திறக்கும் முன் ஒரு தாளில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: ‘இந்த 75 நொடியில் பார்ப்பவருக்குக் கிடைக்காதது இது.’ முகமா, இடமா, ஒரு பொருளின் முழு உருவமா, படத்தின் பெயரேவா? ஒன்று போதும். இரண்டை மறைத்தால் குழப்பம்தான் வரும், பதற்றம் வராது.

‘செவன்’ (1995) மறைத்தது முகத்தை. கொலைகாரன் திரைக்கு வருவது படத்தின் பிற்பகுதியில்தான். அதுவரை அவன் இருப்பைப் பார்வையாளர் உணர வேண்டும் என்பதற்காக, டைட்டிலைச் செய்த கைல் கூப்பர் அவன் கைகளை மட்டும் காட்டினார். பிளேடால் விரல் நுனித் தோலைச் சீவுகிறான், நோட்டுத் தாள்களை ஊசிநூலால் தைக்கிறான், புகைப்படங்களை வெட்டுகிறான். வன்முறை என்று சொல்ல அதில் அதிகம் இல்லை. ஒருவன் மிகப் பொறுமையாகக் கைவேலை செய்கிறான், அவ்வளவுதான். பயம் அந்தப் பொறுமையிலிருந்து வருகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். டைட்டில் படத்தின் முதல் நொடியில் தொடங்கவில்லை. துப்பறிபவரையும் ஒரு கொலை நடந்த இடத்தையும் காட்டிய பிறகே வருகிறது. மறைக்கும் பொருள் கதைக்குள் ஒரு காலை ஊன்றியபின் டைட்டில் வந்தால் வலு கூடும். உங்கள் படத்தில் 60 முதல் 90 நொடிக்குள் அப்படி ஒரு முன்காட்சி இருந்தால் அதன் பின்னால் வையுங்கள்.

‘தி ஷைனிங்’ (1980) மறைத்தது பார்ப்பது யார் என்பதை. மலைப்பாதையில் போகும் சின்ன மஞ்சள் காரை உயரத்திலிருந்து கேமரா பின்தொடர்கிறது. பின்தொடர்வது யார் என்பதற்குப் பதில் வருவதே இல்லை. டிரோன் வாடகைக்கு எடுக்க முடிந்தால் இதுதான் செலவு குறைந்த வழி. ஆனால் ஷாட்டை அழகு பார்க்க எடுக்காதீர்கள். காரைவிட டிரோன் சற்று மெதுவாக வந்து, பிறகு வேகமெடுத்து எட்டிப்பிடிக்க வேண்டும்.

ஃப்ரேம் கணக்கு

கார்டு என்பது ஒரு தடவையில் திரைக்கு வரும் பெயர். 12 கார்டு என்றால் படத்தின் பெயருக்கு ஒன்று, ஆட்களுக்குப் பதினொன்று. ஒரு பெயர்க் கார்டுக்கு இப்படிப் பிரியுங்கள்: தெளிந்து வர 10 ஃப்ரேம், நிற்க 54, மறைய 8, அடுத்த கார்டு வரும்வரை வெறுமை 20. மொத்தம் 92 ஃப்ரேம், நாலு நொடிக்குச் சற்றுக் குறைவு. பதினொன்றுக்கும் சேர்த்து ஏறத்தாழ 42 நொடி. எழுத்தே இல்லாத தொடக்கத்துக்கு 8, படத்தின் பெயருக்கு 10, அதற்குப் பின் வெறுமைக்கு 4. இதுவரை 64. மீதி 11 நொடிதான் உங்கள் கையிருப்பு. அதைச் சமமாகப் பங்கு போட்டுவிடாதீர்கள்.

முதல் நான்கு கார்டுகளையும் ஒரே இடைவெளியில் வையுங்கள். அவரை அறியாமலே பார்ப்பவர் அந்தத் தாளத்துக்குப் பழகிவிடுவார். ஐந்தாவது கார்டு வர வேண்டிய இடத்தில் எதுவும் வராமல் 60 ஃப்ரேம் போகட்டும். ஆறாவது 8 ஃப்ரேம் முன்னதாகவே வரட்டும். தொடக்கத்திலிருந்தே ஒழுங்கில்லாமல் வைத்தால் இந்த வித்தை பலிக்காது, ஏனென்றால் உடைப்பதற்குத் தாளமே இருக்காது. பெரும்பாலான டைட்டில்கள் இங்கேதான் கோட்டை விடுகின்றன.

நடுக்கத்துக்கும் இதே கணக்குதான். எழுத்து ஓயாமல் ஆடினால் இரண்டாவது கார்டிலேயே கண் பழகிவிடும். ஒன்றரை நொடி அசையாமல் நிற்கட்டும். பிறகு 6 ஃப்ரேம் மட்டும், இரண்டிரண்டு ஃப்ரேமாக, இடம் வலமாக 2 முதல் 4 பிக்ஸல் நகர்ந்து, மறுபடி அசையாமல் நிற்கட்டும். ‘சைக்கோ’ (1960) டைட்டிலில் சால் பாஸ் எழுத்தை நடுங்கவிடவில்லை. சாம்பல் நிறப் பட்டைகள் திரையைக் குறுக்காகவும் நெடுக்காகவும் வெட்டிப் போகின்றன. பெயர்கள் கிடைவாட்டில் துண்டாகி, ஒன்றோடொன்று பொருந்தாமல் நின்று, ஒரு கணம் சேர்ந்து, மீண்டும் விலகுகின்றன. இதைச் செய்ய இன்று மூன்று மாஸ்க் (எழுத்தின் ஒரு பகுதியை மட்டும் காட்டும் மறைப்பு) போதும்.

தமிழ் எழுத்தில் வரும் சிக்கல்களும் லாபமும்

ஆங்கிலத் திரில்லர் டைட்டிலின் வழக்கமான தோற்றம் பெரிய எழுத்து, மெல்லிய கோடு, எழுத்துக்கு எழுத்து அகன்ற இடைவெளி. தமிழில் அந்த இடைவெளியை அப்படியே போட்டால் கொம்பும் துணைக்காலும் தாய் எழுத்தை விட்டு விலகிப் போய்விடும். ‘மோகன்’ என்பதில் துணைக்கால் ம-வுக்கும் க-வுக்கும் நடுவே அநாதையாக நிற்கும். டிராக்கிங்கை, அதாவது எழுத்திடைவெளி அளவை, சுழியத்திலோ, மிஞ்சினால் 20-க்குள்ளோ வையுங்கள். வெறுமை வேண்டுமென்றால் எழுத்துகளுக்கு நடுவே தேடாமல் எழுத்தைச் சுற்றி விடுங்கள். பெயரின் உயரம் 34 முதல் 40 பிக்ஸல் போதும், மீதித் திரை காலியாக இருக்கட்டும். ஓரங்களில் இடம் வலம் 96 பிக்ஸலும், மேலே கீழே 54 பிக்ஸலும் விட்டுவிடுங்கள். இரண்டு வரி வந்தால் வரி இடைவெளி எழுத்தளவைப் போல் ஒன்றரை மடங்கு வேண்டும். இல்லையென்றால் மேல்வரி ‘மு’-வின் வாலும் கீழ்வரி ‘கீ’-யின் விசிறியும் முட்டிக்கொள்ளும்.

டைட்டில் செய்யும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் சாஃப்ட்வேரில் கொம்பு இடம் மாறி விழுந்தால் ஃபாண்டைக் குறை சொல்லாதீர்கள். பிரெஃபரன்ஸஸில் ‘டைப்’ பகுதிக்குப் போய் டெக்ஸ்ட் எஞ்சினை ‘சவுத் ஏஷியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்’ என்று மாற்றுங்கள். எழுத்தெழுத்தாக வரவைக்கும் அனிமேஷன் பிரீசெட்டுகளையும் நம்ப வேண்டாம். அவை புள்ளியையும் துணைக்காலையும் தனித்தனி எழுத்தாக எண்ணிப் பிய்த்துவிடலாம். வார்த்தையை ஷேப்பாக, அதாவது தட்டச்சு எழுத்தாக இல்லாமல் வெறும் வடிவமாக, மாற்றி, எது எதோடு சேர்ந்து வர வேண்டும் என்பதை நீங்களே குழுவாக்குங்கள்.

பழைய ஃபிலிம் தோற்றத்துக்காகத் தூசி, கீறல் போடுவதில் தமிழுக்கே உரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. எழுத்தின் தலைக்கு மேல் ஒரு தூசி நின்றால் அது மெய்யெழுத்தாகிவிடும். ‘கமலா’ இரண்டு ஃப்ரேமுக்குக் ‘கம்லா’ ஆவார். பெயர் நிற்கும் 54 ஃப்ரேமுக்கும் எழுத்தைச் சுற்றி 30 பிக்ஸல் அளவுக்குத் தூசி வராமல் மாஸ்க் போடுங்கள்.

இதே குணத்தை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். படத்தின் பெயரில் ‘கொலை’ என்ற சொல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் எழுத்தின் ஒற்றைக் கொம்பை மறைத்துவிட்டால் திரையில் நிற்பது ‘காலை’. மூன்று நொடி அது காலையாகவே நிற்கட்டும். பிறகு இடப்பக்கம் கொம்பு மெதுவாக, 20 ஃப்ரேமில், தெளிந்து வரட்டும். அதிர்ச்சிச் சத்தம் எதுவும் தேவைப்படாது.

செய்முறையில் ஒரு நுணுக்கம் உண்டு. ‘காலை’, ‘கொலை’ என்று இரண்டு டெக்ஸ்ட் லேயர் போட்டு மாற்றினால், நடுவாக நிறுத்தும்போது வார்த்தை துள்ளும், வித்தை அப்பட்டமாகிவிடும். ‘கொலை’ என்றே தட்டச்சு செய்து நடுவில் நிறுத்தி, ஷேப்பாக மாற்றி, கொம்பின் ஒப்பாசிட்டியை (தெரியும் அளவை) மட்டும் சுழியத்திலிருந்து ஏற்றுங்கள். கொம்பு வரும்வரை வார்த்தை கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி நிற்பதாகத் தோன்றும். திருத்தாதீர்கள், அந்தச் சமநிலைக் குறைவும் நமக்கு வேண்டியதுதான். உங்கள் படப்பெயரில் இப்படி எது ஒளிந்திருக்கிறது என்று தேடிப் பாருங்கள். புள்ளி, கால், கொம்பு, சுழி இவற்றில் ஒன்றை எடுத்தால் வேறு சொல் கிடைக்கலாம். கிடைக்காவிட்டால் வலிந்து செய்ய வேண்டாம், ‘ஏலியன்’ வழியில் கோடு கோடாகக் கூட்டுங்கள்.

படம் பிடிப்பது

நெருக்கக் காட்சிக்குத் தனி மேக்ரோ லென்ஸ் கட்டாயமில்லை. 50 மி.மீ. லென்ஸும், லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் எக்ஸ்டென்ஷன் ட்யூபும் போதும். பொருளை அதன் நிஜ அளவுக்கே சென்சாரில் விழச் செய்தால், ஃபுல் ஃப்ரேம் கேமராவில் லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப் 8 வைத்தாலும் ஏறத்தாழ 1 மி.மீ. ஆழம்தான் தெளிவாக இருக்கும். ஆகவே ஃபோகஸ் வளையத்தைத் திருகாமல், பொருளை ஒரு பலகையில் வைத்துப் பலகையை நகர்த்துங்கள். விளக்கு ஒன்றே ஒன்று. பக்கவாட்டில், மேசை மட்டத்துக்குக் கிட்டத்தட்ட இணையாக. அப்போதுதான் தாளின் சொரசொரப்பும் நகத்தின் வரியும் நிழல் விட்டு எழும். நமது மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டர் வேகத்தை 1/50 நொடியில் வையுங்கள். 1/60 வைத்தால் மலிவான எல்.இ.டி. விளக்குகளின் கீழ் பட்டை பட்டையாக ஓடும்.

ஒவ்வொரு ஷாட்டையும் 10 நொடி எடுத்து, அதில் ஒன்றரை நொடி பயன்படுத்துங்கள். செயல் முடிவதற்கு முன்பே வெட்டுங்கள். ஊசி தாளைத் தொடலாம், துளைப்பதைக் காட்டாதீர்கள். தீக்குச்சி உரசலாம், பற்றுமுன் கட்.

எரியும் சிகரெட்டை மேக்ரோவில் எடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். தியேட்டரிலோ ஓ.டி.டி.யிலோ வெளியாகும் படமானால் புகையிலை தெரியும் நேரமெல்லாம் கீழே எச்சரிக்கை வாசகம் வந்தாக வேண்டும். உங்கள் ஒளிப்பதிவாளர் பெயருக்கு அடியில் ‘உயிரைக் கொல்லும்’ என்று வந்தால் எப்படி இருக்கும்? ஊதுபத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒலி

40, 50 ஹெர்ட்ஸில் உறுமும் ட்ரோன் (விடாமல் நீளும் தாழ்ந்த ஒலி, பறக்கும் டிரோன் அல்ல) ஸ்டுடியோ ஸ்பீக்கரில் நெஞ்சைப் பிசையும், ஃபோனில் ஒன்றுமே கேட்காது. அதே ட்ராக்கை நகலெடுத்து, சாச்சுரேஷன் (ஒலியை லேசாகச் சிதைத்து மேல்சுரங்களைக் கூட்டும் எஃபெக்ட்) போட்டு, 200 முதல் 400 ஹெர்ட்ஸ் பகுதியை மெலிதாகக் கலந்துவிடுங்கள். அடித்தளம் ஃபோனிலும் இருப்பதாகக் காது நம்பிக்கொள்ளும்.

வாத்தியத்தைக் குறையுங்கள். ‘சைக்கோ’வுக்கு பெர்னார்ட் ஹெர்மன் தந்திக் கருவிகளை மட்டுமே வைத்து இசையமைத்தார். தாரை தப்பட்டை எதுவும் இல்லை. ஒரே நிற ஒலியில் காதுக்கு ஓய்வெடுக்க இடமிருக்காது. படத்தின் பெயர் வருவதற்கு 12 ஃப்ரேம் முன்பாக எல்லா ஒலியையும் அறுத்துவிட்டு, பெயரை மௌனத்தில் வரவிடுங்கள். பெயரோடு ‘டம்’ போட்டால் அழுத்தம் அங்கேயே வெடித்துத் தீர்ந்துவிடும், முதல் காட்சிக்கு எடுத்துப் போக எதுவும் மிஞ்சாது. கறுப்பிலிருந்து முதல் காட்சிக்குப் போகும்போது அந்தக் காட்சியின் ஒலி, மின்விசிறியோ தெருச் சத்தமோ, படத்துக்கு ஒரு நொடி முன்பே கேட்கத் தொடங்கட்டும்.

நிறம், மினுக்கல், ஏற்றுமதி

எழுத்தை முழு வெள்ளையில் போடாதீர்கள். இருட்டில் கண் கூசும், அசையாமல் நிற்கும்போது விளிம்பு மினுங்கும். ஆர்.ஜி.பி. (சிவப்பு, பச்சை, நீலம்) மூன்றிலும் 210 அளவு சாம்பல் வெள்ளை போதும். சிவப்புப் பெயர்கள் வேண்டவே வேண்டாம். வீடியோ சுருக்கத்தில் நிறத்தின் நுணுக்கம் ஒளியின் நுணுக்கத்தைவிடக் குறைவாகவே சேமிக்கப்படுவதால், கறுப்பின் மேல் மெல்லிய சிவப்புக் கோடு கசங்கிப் போகும், புள்ளிகள் காணாமலே போகும். சிவப்பு வேண்டுமானால் படத்தின் பெயருக்கு மட்டும், தடித்த எழுத்தில்.

ஒரு ஃப்ரேம் வெள்ளை, ஒரு ஃப்ரேம் கறுப்பு என்று மாற்றினால் நொடிக்கு 12 மினுக்கல். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு இது நிஜமாகவே ஆபத்து. எந்த ஒரு நொடியிலும் மூன்று மினுக்கலைத் தாண்டாதீர்கள்.

இருட்டான கிரேடியன்ட் (நிறம் மெல்ல மெல்ல மாறும் பரப்பு) யூடியூபில் படிக்கட்டு படிக்கட்டாக உடையும். முழு டைட்டிலின் மேலும் 3 சதவீதம் கிரெய்ன் (ஃபிலிமில் தெரியும் பொடிப்புள்ளி) போட்டால் பெரும்பாலும் மறைந்துவிடும். 1080-இல் செய்ததையும் 4கே-யாகப் பெருக்கி ஏற்றினால் நல்ல தரத்தில் சுருக்கித் தருவார்கள்.

கடைசிச் சோதனை பகல் வெளிச்சத்தில், பாதி பிரைட்னஸ் வைத்த ஃபோனில். ஒவ்வொரு கார்டும் திரையில் இருக்கும் நேரத்துக்குள் பெயரை வாய்விட்டு இரண்டு முறை படிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் நிற்கும் நேரத்தில் 12 ஃப்ரேம் கூட்டுங்கள். பிறகு கார்டுகளின் பட்டியலைப் படத்தில் வேலை செய்த ஒவ்வொருவருக்கும் அனுப்பி, முன்னெழுத்தும் ர, ற-வும் சரியா என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு ஏற்றுமதி பட்டனைத் தட்டுங்கள்.