இருட்டு வீதிக்கு ஒரு விளக்கு: துவிச்சக்கர வண்டியில் மின்சூளைத் தெரிவுசெய்து பொருத்தும் முறை

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளிப் பக்கமாக விடியற்காலம் நான்கரை மணிக்குத் துவிச்சக்கர வண்டி மிதிப்பவருக்கு இரண்டு வகை இருட்டு வாய்க்கும். நகருக்குள் வீதி விளக்கும் கடை விளக்கும் மாறிமாறி வந்து, இடையில் திட்டுத் திட்டாக இருள் கிடக்கும். உப்புவெளியைத் தாண்டிச் சாம்பல்தீவை நெருங்கும்போது இருள் ஒரே சீராகிவிடும். அங்கேதான் மாடுகள் படுத்திருக்கும். பகல் வெயிலின் சூட்டைத் தார் விடியும்வரை வைத்திருப்பதால் அவற்றுக்கு வீதியே விரித்த பாய். கறுத்த தாரில் படுத்திருக்கும் கறுத்த மாடு, அருகே போய்ச் சேரும்வரை மாடாகத் தெரியாது.

முதன்முறையாக வண்டிக்கு விளக்கு வாங்கப் போகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். வாங்கப் போகும் எல்லோரும் முதலில் கேட்பது, "எது நல்ல வெளிச்சம்?" என்பதுதான். என் அனுபவத்தில் வெளிச்சத்தின் அளவு மூன்றாம் இடத்துக்கே உரியது. விளக்கைப் பிடித்திருக்கும் பிடியும், ஒளி விழும் கோணமும் அதற்கு முன்னால் வரவேண்டியவை.

இதைக் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். இணையத்தில் "துப்பாக்கியில் பூட்டும் விளக்கு" என்று விற்கப்பட்ட ஒரு மின்சூளை (ரோச் லைற்றை), இராணுவத் தரம் என்ற சொல்லில் மயங்கி வாங்கினேன். அதனுடன் தண்டவாளம் போன்ற ஒரு பிடியும், வயர் நுனியில் அழுத்தி எரியவைக்கும் ஆளியும் வந்தன. முதல் நாளே மூன்றாவது வேகத்தடையில் பிடி வழுக்கி விளக்கு குப்புறக் கவிழ்ந்தது. என் முன்சில்லு மட்டும் பிரகாசமாகத் தெரிந்தது. திருத்தக் கொண்டுபோன இடத்தில் கடைக்கார அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, லைற் பிழையில்லை, நீ வாங்கின வேலைக்கு அது செய்யப்படேல்லை" என்றார்.

அவர் சொன்னது சரி. துப்பாக்கி விளக்கு, தூரத்தில் இருப்பது யார் அல்லது என்ன என்பதைச் சில நொடிகளுக்குள் அடையாளம் காண்பதற்காகச் செய்யப்படுவது. அதனால் அதன் ஒளி நடுவில் குவிந்து, சுற்றிலும் மங்கியிருக்கும். எதிரே நிற்பவரின் கண் கூசுவது அங்கே குறையாகக் கருதப்படுவதில்லை. அதன் பிடியும் துப்பாக்கியிலுள்ள பள்ளம் வெட்டிய தட்டையான தண்டவாளத்தைக் கவ்வுவதற்காகவே வெட்டப்பட்டது. நமக்கோ உருண்டையான கைப்பிடிக் குழாய், ஒரு மணித்தியாலம் தொடர்ந்து எரியவேண்டிய விளக்கு, எதிரே மோட்டார் சைக்கிளில் வரும் ஒரு மனிதர். தேவை முழுக்க வேறு.

முதற்படி: எவ்வளவு தூரம் தெரியவேண்டும் என்று கணக்கிடுங்கள்

மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் ஐந்தரை மீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். மாட்டைக் கண்டு பிரேக்கைப் பிடிக்க ஒன்றரை நொடி ஆகும் என்று வைத்தால், அதற்குள்ளேயே எட்டு மீற்றர் போய்விடும். காய்ந்த வீதியில் நிற்க இன்னும் ஐந்து மீற்றராவது வேண்டும். மழை ஈரத்தில் அது இரட்டிப்பாகலாம். ஆக, 20 முதல் 25 மீற்றர் வரை வீதி தெளிவாகத் தெரிந்தால் போதும். கால் கிலோமீற்றர் தூரத்துத் தென்னையை வெளிச்சம் போட்டுப் பார்ப்பதில் நமக்கு ஒரு பயனும் இல்லை.

இரண்டாம் படி: பெட்டியிலுள்ள எண்களை வாசியுங்கள்

லுமென் என்பது விளக்கிலிருந்து எல்லாத் திசையிலும் வெளிவரும் ஒளியின் மொத்த அளவு. கண்டெலா என்பது ஒரு திசையில் அந்த ஒளி எவ்வளவு செறிவாகப் போகிறது என்பதன் அளவு. ஒரே லுமென் உள்ள இரண்டு விளக்குகளில் ஒன்று குவிந்தும் மற்றது பரந்தும் எரியலாம் என்பதால், லுமெனை மட்டும் பார்த்து வாங்குவது, எவ்வளவு தண்ணீர் என்று கேட்டுவிட்டுக் குழாயின் வாயைப் பார்க்காமல் போவதற்குச் சமம்.

தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகும். ஒரு பரப்பின்மேல் விழும் வெளிச்சத்தை லக்ஸில் அளப்பார்கள்: 10,000 கண்டெலா விளக்கு 20 மீற்றரில் 25 லக்ஸ் வெளிச்சம் தரும். 40 மீற்றரில் அது ஆறே கால் லக்ஸாகக் குறையும். அதே விளக்கின் பெட்டியில் "200 மீற்றர்" என்று அச்சிட்டிருப்பார்கள். அது பொய்யல்ல, வெளிச்சம் கால் லக்ஸாக, ஏறத்தாழ முழுநிலவின் அளவுக்கு, மங்கும் தூரத்தை அந்த எண் குறிக்கிறது. அந்த வெளிச்சத்தில் வீதியிலுள்ள குழி தெரியாது.

நகருக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு 150 லுமென் போதும். விளக்கில்லாத வீதிக்கு 300 முதல் 600 வரை எடுங்கள். நிறத்தைப் பொறுத்தவரை நீலம் பாயும் வெள்ளையைவிட, சற்று மஞ்சள் கலந்த 4000 முதல் 5000 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அலகு) வரையுள்ள ஒளியையே நான் விரும்புகிறேன். வாடைக்காற்று மழையில் அது கண்ணை அவ்வளவு உறுத்துவதில்லை.

ஒளியின் வடிவமும் முக்கியம். மேல்விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல நேர்கோட்டில் முடியும் விளக்குகள் கிடைக்கின்றன. வீதியில் ஓடும் வண்டிகளுக்கு இந்த வகையையே ஜெர்மனியில் சட்டம் கேட்கிறது. அது கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் வட்ட ஒளி விளக்கும் உதவும், சாய்வைச் சரியாக வைத்தால். மின்னிமின்னி எரியும் முறை பெரும்பாலான விளக்குகளில் இருக்கும். இருட்டு வீதியில் அதைத் தொடாதீர்கள். எதிரே வருபவரால் நீங்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள் என்று மதிப்பிட முடியாது.

மூன்றாம் படி: மின்கலமும் உப்பும்

கழற்றி மாற்றக்கூடிய 18650 வகை லித்தியம் மின்கலம் உள்ள விளக்கு நல்லது. பெயரிலேயே அளவு இருக்கிறது: 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம். இந்த உருவத்தில் ஒரு நல்ல மின்கலம் 3500 மில்லியம்பியர் மணி அளவு மின்சாரத்தைச் சேமித்து வைக்கும்; மேலே 9900 என்று அச்சிட்டிருந்தால் மின்கலத்தை மட்டுமல்ல, அதை விற்பவரையும் நம்பவேண்டாம். 3500 கொண்ட மின்கலத்தில் 400 லுமென் விளக்கு ஏறத்தாழ 3 மணித்தியாலம் எரியும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் விளக்கை வெயிலில் நிற்கும் வண்டியிலேயே விட்டுவிடாதீர்கள்; சூடு இவ்வகை மின்கலத்தின் ஆயுளைக் குறைக்கும்.

தண்ணீர்க் காப்புக்கு ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணித்தியாலம் தாங்கும். ஆனால் நம் ஊரில் விளக்கைக் கொல்வது மழையைவிட உப்புக்காற்றுத்தான். முலாம் பூசிய மலிவான திருகாணி ஒரே பருவத்தில் துருவேறி, கழற்ற முடியாமல் இறுகிவிடும். பிடியின் ஆணியும் சுரையும் துருவேறா உருக்கு அல்லாவிட்டால், வாங்கிய அன்றே மாற்றிவிடுங்கள். அலுமினியப் பிடிக்குள் செல்லும் ஆணியின் மரையில் சிறிது கிறீஸ் தடவுங்கள்.

நான்காம் படி: இடம் பாருங்கள்

இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். ஆளில்லா வீதியில் வண்டியை நிறுத்தி, விளக்கைக் கையில் பிடித்தபடி முதலில் கண்மட்டத்துக்கு உயர்த்தியும், பிறகு கைப்பிடி மட்டத்திலும், கடைசியில் முன்சில்லின் அச்சுக்குச் சற்று மேலேயும் வைத்து ஒரே குழியைப் பாருங்கள். கண்மட்டத்திலிருந்து ஒளி போனால் குழி தட்டையாக, ஒரு கறையைப் போலத் தெரியும். ஏனெனில் உங்கள் கண் பார்க்கும் கோணமும் ஒளி போகும் கோணமும் ஒன்றாகிவிடுவதால், குழிக்குள் விழும் நிழல் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. விளக்கு தாழத் தாழ நிழல் நீளும், குழியின் விளிம்பு மேலெழுந்து ஆழம் தெரியும். ஆனால் அளவுக்கு மிஞ்சித் தாழ்த்தினால் ஒவ்வொரு சிறு கல்லும் பெரும் பள்ளம் போலக் காட்டும். கைப்பிடிக் குழாயின் கீழ்ப்பக்கம் அல்லது அதற்குக் கொஞ்சம் கீழே, தரையிலிருந்து 80 முதல் 100 சென்ரிமீற்றர் உயரம், எனக்கு நன்றாக அமைந்தது.

முன்னால் கூடை வைத்த வண்டியானால் கைப்பிடியில் பூட்டவே வேண்டாம். கூடையின் கம்பி நிழல் வீதி முழுவதும் வலையாக விழும். பழைய லுமாலா போன்ற வண்டிகளில் கைப்பிடித் தண்டின் முன்னால் விளக்குக்கென்றே ஓர் இரும்புத் தாங்கி இருக்கும், அதுவும் கூடைக்குப் பின்னால் மறைந்தால் கூடையின் முன் கம்பியில் பூட்டுங்கள். பிரேக் வயர் ஒளிக்குக் குறுக்கே வருகிறதா என்பதையும் பாருங்கள்.

ஐந்தாம் படி: பூட்டுங்கள்

குழாயின் பருமனை அளக்க நூல் போதும். ஒரு சுற்றுச் சுற்றி நீட்டி அளந்தால் 7 சென்ரிமீற்றர் வந்தால் குழாய் 22.2 மில்லிமீற்றர், 8 வந்தால் 25.4; 10 வந்தால் 31.8. அதற்கேற்ற பிடியை வாங்குங்கள். ஒன்றுக்குப் பொருந்தும் பிடியை இன்னொன்றுக்கு இழுத்து இறுக்குவதுதான் என் விளக்கு கவிழ்ந்த கதை.

குழாயை எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடையுங்கள். பழைய ரியூப்பில் பிடியின் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் குழாயைச் சுற்றி வையுங்கள். ஏறினால் அந்த இடத்தில் பிடி மேடாகி, அதிரும்போது தளரும். இரண்டு ஆணியுள்ள பிடியில் ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு மற்றதுக்குப் போகாமல், மாறிமாறிக் கால் சுற்றாக இறுக்குங்கள். விளக்கைக் கையால் முறுக்கிப் பாருங்கள்; கைப்பிடியே திரும்பும் அளவுக்கு முறுக்கினாலும் விளக்கு அசையக் கூடாது. சாய்வு சரியான பிறகு, ஆணித் தலையிலிருந்து பிடிவரை நகப்பூச்சால் ஒரு மெல்லிய கோடு இழுங்கள். கோடு உடைந்திருந்தால் ஆணி தளர்ந்திருக்கிறது என்று பார்த்த உடனே தெரியும்.

ஆறாம் படி: சாய்வு

சுவரிலிருந்து 5 மீற்றர் தூரத்தில், சமதரையில் வண்டியை நிறுத்தி, ஒருவரை அதன்மேல் இருக்கச் சொல்லுங்கள். ஆள் ஏறினால் ரயர் அமுங்கி சாய்வு மாறும். என் வண்டியில் மருமகன் இருந்தான், ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆடாமல் இருக்க அவனால் முடியவில்லை. விளக்கின் உயரத்தை அளந்து, சுவரில் அதே உயரத்தில் வெண்கட்டியால் கோடு போடுங்கள். விளக்கு 100 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்தால், வட்ட ஒளியின் நடுப்பகுதி 75 சென்ரிமீற்றரில் விழவேண்டும். அப்போது ஒளியின் நடு வீதியில் 20 மீற்றர் முன்னால் படும். வெட்டு விளிம்புள்ள விளக்கானால் அந்த விளிம்பு கோட்டுக்குக் கீழே இருந்தால் சரி.

பிறகு வண்டியை நண்பரிடம் கொடுத்து, 30 மீற்றர் தூரத்தில் எதிரே நின்று நீங்களே பாருங்கள். கண் கூசினால் இன்னும் சற்றுத் தாழ்த்துங்கள்.

முதல் ஓட்டம் தெரிந்த வீதியில், மெதுவாக இருக்கட்டும். திருகோணமலைக் கோட்டை வாசல் பக்கம் போனால் விளக்கின் ஓரத்தில் இரண்டு இரண்டாகப் பச்சைப் பொறிகள் மினுங்கலாம். அங்கே திரியும் புள்ளிமான்களின் கண்கள் அவை. ஒரு மான் வீதியைக் கடந்தால் பின்னாலேயே இன்னொன்று வரும் என்று எண்ணி நிறுத்திவிடுங்கள். வீடு திரும்பியதும் நகப்பூச்சுக் கோட்டைப் பாருங்கள். புதிதாகச் சுற்றிய றப்பர் முதல் வாரத்தில் அமுங்கும் என்பதால் ஆணிகள் பெரும்பாலும் இன்னுமொரு கால் சுற்றுக் கேட்கும்; இறுக்கிவிட்டுக் கோட்டை அழித்துப் புதிதாக இழுங்கள்.