வாட்ஸ்அப்பில் முதியோர் பராமரிப்பு வகுப்பு: முதல்முறை நடத்துகிறவர்களுக்கு

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியதிலிருந்து, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே போகிறது. கொண்டுபோகும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் அங்கே வயதானவர்களைத்தான் நிறையப் பார்க்கிறார். பாட்டி சுவரைப் பிடித்து நடப்பது, தாத்தாவின் சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது, இதெல்லாம் டாக்டருக்கு முன்னால் அவர் கண்ணில்தான் படும். அதை அவருக்குச் சொல்லித்தர, ஏற்கெனவே அவர் கையில் இருக்கும் வாட்ஸ்அப் போதும். ஆறு வார வகுப்பாக நடத்தும் முறை இது.

முதல் படி: தலைப்பைக் குறையுங்கள்

வாரத்துக்கு ஒரு தலைப்பு, மொத்தம் ஆறு: கீழே விழுதல், மறதி, உடல் இளைப்பு, படுக்கைப் புண், மாத்திரைக் குழப்பம், மனச்சோர்வு. நோயின் பெயரில் தலைப்பு வைக்காதீர்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவதைத் தலைப்பாக வையுங்கள். தயாரித்த பாடம் ஒவ்வொன்றையும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் ஒருமுறை பார்த்துச் சரி சொன்ன பிறகே அனுப்ப வேண்டும்.

இரண்டாம் படி: குழு

25 முதல் 30 பேர் போதும். வாட்ஸ்அப் 1,024 பேர் வரை சேர்க்க விடும், அதற்காகச் சேர்த்துவிடாதீர்கள். நான் நடத்திய முதல் குழுவில் நூற்றுக்கும் மேல் ஆட்கள். மூன்றே நாளில் காலை வணக்கப் பூக்களும் ஃபார்வர்டுகளும் பாடத்தைப் புதைத்துவிட்டன. அதிலிருந்து, குழு அமைப்புகளில் ‘அட்மின்கள் மட்டும் செய்தி அனுப்பலாம்’ என்று வைத்துவிட்டு, மாலை 7 முதல் 8 வரை மட்டும் எல்லோருக்கும் திறந்துவிடுகிறேன். ஏன் மாலை என்றால், பகலில் அவர்களுக்கு ரிப்போர்ட் கேட்டு வேறு நாலு குழுக்கள் கத்திக்கொண்டிருக்கும்.

முதியோர் உதவி எண் 14567-ஐ ஒரு செய்தியாகப் போட்டு, எப்போதும் மேலேயே தெரியும்படி ‘பின்’ (Pin) செய்யுங்கள். அந்தப் ‘பின்’ அதிகபட்சம் 30 நாள்தான் நிற்கும். மறுபடி போட வேண்டும்.

மூன்றாம் படி: பாடம் தயாரிப்பது

நேரம் பிடிக்கிற வேலை இதுதான். பிடிஎஃப் அனுப்பாதீர்கள், யாரும் திறப்பதில்லை. ஒரு பாடத்துக்கு மூன்று துண்டுகள்: திங்கள் ஒரு கதை, புதன் ஒரு விளக்கம், வெள்ளி ஒரு செய்முறை.

கதை நான்கே வரி. “72 வயது பாட்டி. பிரஷருக்கு மாத்திரை எடுக்கிறார். காலையில் கட்டிலை விட்டு எழுந்தால் கண் இருட்டுகிறது என்கிறார். நீங்கள் உட்கார வைத்துப் பார்த்த பிபி சரியாக இருக்கிறது. என்ன செய்வீர்கள்?” இதைப் போட்டுவிட்டு, பேப்பர் கிளிப் குறியைத் தட்டி (ஐபோனில் கூட்டல் குறி) ‘போல்’ (Poll) என்ற வாக்கெடுப்பு வசதியில் மூன்று விடைகள் கொடுங்கள்: வயசானால் அப்படித்தான் என்று சொல்வேன், மாத்திரையை நிறுத்தச் சொல்வேன், நிற்க வைத்தும் பிபி பார்ப்பேன். ‘பல விடைகள்’ என்பதை அணைத்துவிடுங்கள். விடையை உடனே சொல்லிவிடாதீர்கள். இரண்டு நாள் மண்டையைக் குடையட்டும்.

புதன்கிழமை, இரண்டு நிமிடத்துக்குள் வாய்ஸ் நோட். எழுதி வைத்துப் படிக்காமல், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோல் பேசுங்கள். மேலே சொன்ன கதைக்கு நான் பேசியது இது: “ஐந்து நிமிடம் படுக்க வைத்து பிபி பாருங்கள். எழுந்து நின்ற பிறகு 1-வது நிமிடமும் 3-வது நிமிடமும் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தாலே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நிற்கும்போது பக்கத்திலேயே இருங்கள். மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. அதுவரை பாட்டியை, எழுந்ததும் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டுச் சற்று உட்கார்ந்துவிட்டு நிற்கச் சொல்லுங்கள்.”

வெள்ளிக்கிழமை ஒரு நிமிட வீடியோ. முதியோர் பராமரிப்புக்காக உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஐகோப் (ICOPE) கையேட்டில் இதற்கேற்ற எளிய சோதனைகள் உண்டு. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்வது ஒன்று. 14 விநாடிக்குள் முடியாவிட்டால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். நாற்காலியின் முதுகு சுவரை ஒட்டி இருக்கட்டும். மறதிக்கு, பூ, கதவு, அரிசி என மூன்று சொற்களைச் சொல்லிப் பிறகு திருப்பிக் கேட்பது. இளைப்புக்கு, மூன்று மாதத்தில் தானாக 3 கிலோவுக்கு மேல் குறைந்ததா என்று கேட்பது. இவை நோயைக் கண்டுபிடிப்பவை அல்ல, யாரை டாக்டரிடம் அனுப்புவது என்று காட்டுபவை. இதை வீடியோவிலேயே சொல்லிவிடுங்கள். நடிக்க உங்களோடு வேலை செய்பவரே போதும், நிஜ நோயாளி வேண்டாம்.

வீடியோவைச் சிறிய அளவில் அனுப்புங்கள். அவர்கள் போனில் ‘இடம் இல்லை’ என்ற செய்தி எப்போதும் வந்துகொண்டே இருக்கும்.

நான்காம் படி: தப்பாகச் சொல்ல இடம் கொடுங்கள்

‘போல்’ வாக்கெடுப்பில் யார் எதற்கு ஓட்டுப் போட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் பலர் காத்திருந்து, கூட்டம் போகும் பக்கம் தட்டுவார்கள். கூச்சப்படுகிறவர்கள் விடையை எனக்குத் தனியாக அனுப்பலாம் என்று சொன்ன பிறகுதான் உண்மையான பதில்கள் வந்தன. ‘வயசானால் அப்படித்தான்’ என்று நிறைய பேர் நினைப்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. தப்பான விடை சொன்னவரின் பெயரைக் குழுவில் எடுக்கவே எடுக்காதீர்கள்.

ஐந்தாம் படி: படம் விஷயத்தில் கறாராக இருங்கள்

ஆர்வத்தில் யாராவது படுக்கைப் புண் படத்தை முகத்தோடு போடுவார்கள். அட்மின் என்ற முறையில் உடனே நீக்குங்கள். போட்டவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். நோயாளியின் பெயர், தெரு, ரேஷன் கார்டு, எதுவும் குழுவுக்குள் வரக் கூடாது. கதை சொல்லும்போது வயதையும் ஊரையும் மாற்றுங்கள். அவசரக் கேஸைக் குழுவில் கேட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும் என்பதையும் முதல் நாளே எழுதிப் போடுங்கள்.

ஆறாம் படி: கற்றார்களா?

நீல டிக்கை நம்பாதீர்கள். ஆறு வாரம் கழித்து, மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒரு நாற்காலியும் பிபி கருவியும் வைத்து, செய்து காட்டச் சொல்லுங்கள். யார் நிற்க வைத்துப் பிபி பார்க்கிறார், யார் பக்கத்தில் நிற்க மறந்துவிடுகிறார் என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அதிகம் பேர் தடுமாறிய பாடத்தின் வாய்ஸ் நோட்டை மட்டும் திரும்பப் பதிவு செய்து, அதே குழுவில் மறுபடி போடுங்கள்.