பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் பாலைவனம் போகாதீர்கள்

துபாய் வந்துவிட்டு டெசர்ட் சஃபாரி என்கிற பாலைவனச் சுற்றுலா பார்க்காமல் திரும்பக்கூடாது என்பது ஷார்ஜாவில் வேலை பார்க்கும் என் மச்சான் போட்ட சட்டம். கூட்டமும் கொட்டுமேளமும் எனக்கு ஆகாது. "சும்மா வாங்க மாமா" என்று வண்டியில் ஏற்றிவிட்டான்.

முதல் தவறு மதியமே நடந்துவிட்டது: பிரியாணி. மணல்மேட்டில் இறங்குமுன் டிரைவர் நான்கு டயரிலும் காற்றை இறக்கினார். அப்போதுதான் டயர் பரந்து மணலில் புதையாமல் ஓடும். அப்புறம் அரை மணி நேரம் மேட்டில் ஏறிச் சரிவில் பக்கவாட்டாக வழுக்கியதில் பிரியாணி தொண்டைவரை வந்து எட்டிப் பார்த்தது. அரை வயிற்றோடு போங்கள், முன் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். முதுகுவலிக்காரர்களும் கர்ப்பிணிகளும் இந்தக் குலுக்கலுக்கே போக வேண்டாம்.

கூடாரத்தில் பேரீச்சம்பழமும் கஹ்வா என்கிற அரபுக் காப்பியும் கொடுத்தார்கள். குடித்து முடித்த கோப்பையை நீட்டினால் மறுபடி ஊற்றுவார்கள். போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்டிக் காட்ட வேண்டும். தெரியாமல் நான்கு கோப்பை குடித்தேன். பருந்தோடு போட்டோ, மணலில் ஓட்டும் நாலு சக்கர குவாட் பைக் எல்லாம் டிக்கெட்டில் சேர்த்தியா என்று முன்பே கேளுங்கள். பெரும்பாலும் இருக்காது.

பெரிய தவறு, 'பெதூயின் இரவு', அதாவது பாலைவன நாடோடிகளின் இரவு, என்ற விளம்பரத்தை அப்படியே நம்பியது. பெல்லி டான்ஸும், பாவாடை கட்டிய ஆண் சுழன்று சுழன்று ஆடும் தனூராவும் எகிப்திலிருந்து வந்தவை. அமீரகத்தின் சொந்த ஆட்டமான அல் அய்யாலா, இரு வரிசை ஆண்கள் எதிரெதிரே நின்று மூங்கில் கழியோடு ஆடுவது. 2014-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறிய அந்த ஆட்டம் எங்கள் மேடையில் இல்லை. கோதுமையும் இறைச்சியும் குழையக் குழைய வேகவைக்கும் ஹரீஸும் பந்தியில் இல்லை. இருந்தது கொண்டைக்கடலை அரைத்த ஹம்மூஸ், சுட்ட கோழி, நம்மூர்ப் பருப்பு. சரி, இது பொருட்காட்சி என்று மனதைத் தேற்றிக்கொண்ட பிறகுதான் ரசிக்க முடிந்தது. விளக்கு மின்னும் பாவாடையைத் தலைக்குமேல் தூக்கிச் சுழற்றிய தனூராக்காரருக்குக் கை வலிக்கத் தட்டினேன்.

டிசம்பர், ஜனவரி என்றால் ஸ்வெட்டரை மறக்காதீர்கள். இருட்டியதும் மணல் சட்டென்று குளிர்ந்துவிடும். நான் மச்சானின் துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கியபடி வண்டி ஏறினேன். "நாளைக்கு ராத்திரி படகுல டின்னர் மாமா, டிக்கெட் போட்டாச்சு" என்றான்.