கடலோரத்துக்கு ஒரு சின்ன கேமரா: எதைப் பார்த்து வாங்குவது?

பாக்கெட்டில் அடங்கும் டிஜிட்டல் கேமரா வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது "மெகாபிக்சல் எத்தனை?" என்றுதான். குமரி மாவட்டம் தக்கலையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நான் திருப்பிக் கேட்பது வேறு: எங்கே கொண்டுபோய் எடுக்கப் போகிறீர்கள்? நம்ம மாவட்டத்தில் இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி மாடல்கள் தானாகவே கழிந்துவிடும். பத்மநாபபுரம் அரண்மனைக்குள் எடுக்க ஒன்று, முட்டம் பாறையில் நின்று எடுக்க வேறொன்று, தேரூர் குளத்துப் பறவைக்கு இன்னொன்று. மூன்றையும் ஒரே சின்ன கேமரா நன்றாகச் செய்யாது. செய்யும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பகல் வெளிச்சத்தில் குடும்பத்தை நிற்க வைத்து எடுப்பது மட்டும்தான் தேவை என்றால் கையில் இருக்கிற போனே போதும். பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

சரி, அரண்மனையில் இருந்து தொடங்குவோம். (திங்கட்கிழமை போய் நிற்காதீர்கள், அன்று விடுமுறை.) உள்ளே மரக்கிராதி வழியாக வரும் வெளிச்சம்தான். சுவரும் கூரையும் கருத்த மரம், தரையோ கண்ணாடி மாதிரி மினுங்கும் கறுப்பு. ஃபிளாஷ் அடித்தால் தரையில் வெள்ளைத் திட்டு விழுந்து படம் கெட்டுப்போகும். இங்கே உதவுவது இரண்டே விஷயம்: சென்சாரின் (படத்தைப் பதிவு செய்யும் சில்லு) அளவு, லென்ஸ் திறப்பு (வெளிச்சம் உள்ளே வரும் துவாரம்).

விலை குறைந்த கேமராக்களில் இருப்பது 1/2.3 அங்குல சென்சார். உண்மையான அளவு 6.2க்கு 4.6 மில்லிமீட்டர், சுண்டு விரல் நகத்தைவிடச் சின்னது. அடுத்த படி '1 அங்குல' சென்சார், அங்குலம் என்பது பெயரில்தான், உண்மையில் 13.2க்கு 8.8 மி.மீ. பரப்பில் முன்னதைப் போல நான்கு மடங்கு. திறப்பைச் சொல்வது எஃப் எண், அது சிறிதானால் திறப்பு அகலம். லென்ஸில் எஃப் 1.8 என்று போட்டிருந்தால் எஃப் 3.5ஐவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். இரண்டும் ஒரே கேமராவில் சேர்ந்தால் சுமார் 15 மடங்கு வித்தியாசம். மெகாபிக்சல் இரண்டிலும் 20 என்றே இருக்கலாம். படம் ஒன்றாக இருக்காது. இன்றைய நல்ல போன்களின் சென்சாரே 1/2.3 அங்குலத்தைவிடப் பெரியது. அதனால் பெரிய ஜூமோ தண்ணீர் தாங்கும் உடம்போ இல்லாத 1/2.3 கேமராவுக்குப் புதிதாகக் காசு கொடுக்காதீர்கள்.

இந்த வேலைக்கு நான் சொல்வது கேனன் ஜி7எக்ஸ் மார்க் 3. 1 அங்குல சென்சார், 24 முதல் 100 மி.மீ. வரை ஜூம் (எண் சிறிதானால் அகலமான காட்சி அடங்கும், பெரிதானால் தூரத்தில் இருப்பது பக்கத்தில் வரும்). ஜூமின் கடைசியிலும் எஃப் 2.8 கிடைக்கிறது. ரிக்கோ ஜிஆர் 3 இன்னும் பெரிய ஏபிஎஸ்-சி சென்சார் வைத்திருக்கிறது, படத்தின் தெளிவு அருமை. ஆனால் ஜூமே கிடையாது, 28 மி.மீ. ஒன்றுதான். நடந்து பக்கத்தில் போய் எடுக்கிறவருக்கு அது சொத்து. மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு அடியில் நின்று அண்ணாந்து எடுக்கிறவருக்கு 24 மி.மீ. இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

ஜூம் எவ்வளவு வேண்டும் என்பதைக் கன்னியாகுமரிக் கரையில் நின்று கணக்குப் போடுங்கள். திருவள்ளுவர் சிலை பீடத்தோடு 133 அடி, கரையில் இருந்து சுமார் அரை கிலோமீட்டர். கேமராவைக் கிடையாகப் பிடித்தால், 100 மி.மீ.யில் சிலை படத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வரும். 200இல் மூன்றில் இரண்டு பங்கு. சூரிய உதயத்தோடு சிலையைப் பெரிதாக எடுக்க ஆசைப்படுகிறவர் சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7 பார்க்கலாம். அதே 1 அங்குல சென்சார், 24 முதல் 200 மி.மீ. ஆனால் திறப்பு எஃப் 2.8இல் தொடங்கி 4.5இல் முடிகிறது, ஆக அரண்மனைக்குள் கேனன்தான் முந்தும். சின்ன உடம்புக்குள் நீள ஜூமையும் அகலத் திறப்பையும் சேர்த்து அடைக்க முடியாது. ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும்.

பெட்டியில் 'டிஜிட்டல் ஜூம்' என்று இருப்பதைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம். அது படத்தின் நடுவை வெட்டிப் பெரிதாக்குவது. 'ஆப்டிகல்' என்ற எண்ணை மட்டும் பாருங்கள்.

பறவைக்கு 200 மி.மீ. காணாது. கேனன் எஸ்எக்ஸ்740 பாக்கெட்டில் அடங்கும், 960 மி.மீ. வரை போகும். ஆனால் சென்சார் சின்னது, கடைசி ஜூமில் திறப்பு எஃப் 6.9. நல்ல வெயிலில் கூழைக்கடா கிடைக்கும். விடியற்காலை மங்கலில் கலங்கும். பறவைதான் முக்கியம் என்றால் பாக்கெட் கேமரா ஆசையை விட்டுவிடுங்கள்.

இனி, கடைகளில் யாரும் பேசாத விஷயம்: உப்பும் மணலும். பாக்கெட் கேமராவின் லென்ஸ் ஆன் செய்ததும் அடுக்கடுக்காக வெளியே நீளும், அணைத்தால் உள்ளே போகும். அந்தக் குழாய்களுக்கு இடையில் தலைமுடி அளவு இடைவெளி இருக்கிறது. மணவாளக்குறிச்சிக் கருமணலில் ஒரு பொடி அதில் புகுந்தால் போதும். முதலில் ஜூம் போகும்போது 'கிர்ர்' என்று ஒரு அரைப்புச் சத்தம். அப்புறம் லென்ஸ் பாதியில் நிற்கும். கடைசியில் திரையில் 'லென்ஸ் எரர்' என்று வரும். வாயால் ஊதுவது, காற்றுக் குழாய் வைத்து அடிப்பது இரண்டும் மணலை உள்ளேதான் தள்ளும். கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, மெல்லிய பிரஷால் வெளிப்பக்கமாகத் தட்டிவிட வேண்டும். காற்று வீசும் கடற்கரையில் ஒவ்வொரு படத்துக்கும் ஆன், ஆஃப் செய்யாதீர்கள். ஒவ்வொரு முறை லென்ஸ் உள்ளே போகும்போதும் ஒட்டியிருப்பதைச் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

அடிக்கடி வள்ளத்தில் போகிறவர், திற்பரப்பு அருவியில் நனைகிறவர், கடற்கரையில் குழந்தைகளிடம் கேமராவைக் கொடுக்கிறவர் ஒலிம்பஸ் டிஜி-6 அல்லது அதன் அடுத்த மாடலான ஓஎம் சிஸ்டம் டிஜி-7 வாங்குங்கள். லென்ஸ் வெளியே நீளாது, ஜூம் உள்ளுக்குள்ளேயே நடக்கும். 15 மீட்டர் ஆழம் வரை தண்ணீர் தாங்கும். சென்சார் அதே 1/2.3தான், எனவே இருட்டில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். கடலில் நனைந்தபின் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, துடைத்துக் காயவைத்த பிறகே பேட்டரி மூடியைத் திறக்க வேண்டும். மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு மணல் ஒட்டியிருந்தால்கூட அடுத்த முறை தண்ணீர் உள்ளே போகும்.

மற்ற கேமராக்களை வீட்டுக்கு வந்ததும் லேசாக ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் துடையுங்கள். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்க அது போதும். தோல் உறையில் வைத்து அலமாரியில் பூட்டாதீர்கள். இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிகா ஜெல் பொட்டலம், அவ்வளவுதான்.

வெயிலில் திரை தெரியாது என்பதும் கரையில் நிற்கும்போதுதான் உறைக்கும். ஆர்எக்ஸ்100இல் மார்க் 3 முதல், மேலே எழும்பும் வியூஃபைண்டர் (கண்ணை ஒட்டி வைத்துப் பார்க்கும் துவாரம்) உண்டு. ஜி7எக்ஸ் மார்க் 3இல் இல்லை.

பழைய கேமரா வாங்குகிறீர்களா? போன் டார்ச்சை லென்ஸுக்குள் சாய்த்து அடியுங்கள். சிலந்தி நூல் போல ஏதாவது தெரிந்தால் பூஞ்சை. காதருகில் வைத்து ஜூமை முழுக்க நீட்டி மடக்குங்கள். திறப்பை எஃப் 8 அல்லது 11க்குக் குறைத்து வெறும் வானத்தை எடுத்து, திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். கரும்புள்ளி இருந்தால் சென்சாரில் தூசு. லென்ஸைக் கழற்ற முடியாத கேமரா என்பதால் அதைச் சுத்தம் செய்ய முழுவதும் பிரிக்க வேண்டும். அடியில் இருக்கும் திருகுகள் துருப்பிடித்திருந்தால் கடற்காற்றில் கிடந்த கேமரா. போன வாரம் கல்லூரிப் பெண் ஒருத்தி, "அண்ணே, கலர் நல்லா இருக்கும்னு சொன்னாங்க" என்று பழைய சிசிடி (பழைய வகை சென்சார்) கேமரா ஒன்றைக் கொண்டுவந்தாள். கலர் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது எக்ஸ்டி என்ற பழைய வகை மெமரி கார்டு போடும் ரகம். "மக்களே, எஸ்டி கார்டு போடுறதா பாத்து எடு" என்று சொல்லி அனுப்பினேன். எக்ஸ்டி கார்டு இப்போது தயாரிப்பிலேயே இல்லை.

புதியது என்றால் பில்லில் சீரியல் நம்பர் எழுதியிருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். கேமராவின் அடியில் இருக்கும் நம்பரும் அதுவும் ஒன்றாக இருந்தால்தான் வாரண்டிக்குப் போகும்போது பேச்சு வராது.