டெங்கு ரிப்போர்ட்டில் தட்டணுவை மட்டும் பார்க்காதீர்கள்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் பாலக்கோட்டில் நான் வேலை பார்க்கும் லேபில் காய்ச்சல்காரர்கள் கூட்டம்தான். ஒகேனக்கல் தண்ணீர் வரும் நாளில் டிரம்மிலும் தொட்டியிலும் பிடித்து வைக்காத வீடு நம்ம பக்கம் ஏது, மூடாமல் விட்ட அந்த நல்ல தண்ணீரில்தான் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. ரிப்போர்ட்டை வாங்கியதும் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "கவுண்ட் எவ்வளவுங்க?"

அவர்கள் கேட்கும் கவுண்ட் தட்டணு, அதாவது ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட். அது முக்கியம்தான், ஆனால் அதே தாளில் ஹீமோகுளோபினுக்குப் பக்கத்தில் பி.சி.வி. என்று இருக்கும், ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்று சொல்லும் அளவு, அதையும் பாருங்கள். டெங்கு முற்றும்போது ரத்தக்குழாய்ச் சுவர் கசிந்து ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே போய்விடும். சிவப்பணுக்கள் உள்ளேயே நின்றுவிடுவதால் வற்றிய குழம்பு போல ரத்தம் கெட்டியாகி பி.சி.வி. ஏறும். ஆளை ஷாக்கில், அதாவது ரத்த ஓட்டம் குறைந்து உயிருக்கே ஆபத்தான நிலையில், கொண்டுபோய்த் தள்ளுவது பெரும்பாலும் இந்தக் கசிவுதான்.

எனவே முதல் ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். அதிலிருக்கும் பி.சி.வி.யை விட 20 சதவீதம் ஏறினால் கசிவு நடக்கிறது என்று அர்த்தம். 36 இருந்தது 43ஐத் தாண்டுகிறது, கூடவே தட்டணு வேகமாக இறங்குகிறது என்றால் அது உலக சுகாதார நிறுவனமே சொல்லும் எச்சரிக்கை அறிகுறி.

ரத்தசோகை உள்ளவர்களுக்கு பி.சி.வி. எப்போதுமே குறைவு, அதனால் ஏறிய பிறகும் நார்மல் போலத் தெரிந்து ஏமாற்றிவிடும். மாரண்டஹள்ளிப் பக்கத்து அம்மா ஒருவர் மகளின் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "கவுண்ட் ஒன்னேகால் லட்சம் இருக்குதே, அப்ப ஒண்ணும் இல்லீங்களாண்ணா?" என்று கேட்டார். பி.சி.வி. 37, பெண்களுக்கு அது நார்மல் அளவுதான், பக்கத்தில் எந்தக் குறியும் விழவில்லை. பழைய ரிப்போர்ட் இருக்கிறதா என்றேன், மஞ்சப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தார், ரெண்டு நாள் முன்னால் வெறும் 30. அந்தப் பெண்ணுக்கு 37 என்பது நார்மலே இல்லை, அப்படியே பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன்.

அப்புறம், காய்ச்சல் தொடங்கிய தேதியைக் காலண்டரில் குறித்து நாள் எண்ணுங்கள். ஆபத்து பெரும்பாலும் 3ஆம் நாளிலிருந்து 7ஆம் நாளுக்குள், அதுவும் காய்ச்சல் விடும் நேரத்தில் வரும். உடம்பு குளிர்ந்துவிட்டது என்று தக்காளி மண்டிக்குக் கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். அந்த நாட்களில் டாக்டர் சொல்கிறபடி தினமும் ரத்தம் பாருங்கள், முடிந்தவரை ஒரே லேபில்.

வெள்ளையணுவின் டோட்டல் கவுண்ட் பெரும்பாலும் தட்டணுவுக்கு முன்னாலேயே 5,000க்குக் கீழே இறங்கும், அது திரும்ப ஏறுவது தேறுவதற்கான அடையாளம். என்.எஸ்.1 என்பது டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் டெஸ்ட், முதல் ஐந்து நாளில் பார்ப்பது, நெகட்டிவ் வந்தாலும் டெங்கு இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். ஆரம்ப நாட்களிலேயே ஐ.ஜி.ஜி. (டெங்குவை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள்) பாசிட்டிவ் என்றால் டெங்கு வருவது இது இரண்டாவது முறையாக இருக்கலாம், இரண்டாம் முறையில் ஆபத்து கூடுதல், டாக்டரிடம் சொல்லுங்கள். கல்லீரல் டெஸ்டில் வரும் எஸ்.ஜி.ஓ.டி. என்ற நொதி 1,000ஐத் தொட்டால் கல்லீரல் கடுமையாக அடிபட்டிருக்கிறது. ஃபெரிட்டின் போன்ற கூடுதல் ரத்த டெஸ்ட்டுகள் டாக்டர் எழுதினால் மட்டும் போதும், நீங்களாகக் காசைக் கொட்டாதீர்கள்.

தட்டணு 40,000 என்றதும் தட்டணு ஏற்றச் சொல்லி ஆஸ்பத்திரியில் சண்டை போடாதீர்கள். ரத்தக்கசிவு இல்லாதபோது எண்ணிக்கை குறைந்ததற்காக மட்டும் ஏற்றுவதில்லை, 10,000க்கும் கீழே போனால்தான் பெரும்பாலும் யோசிப்பார்கள். பப்பாளி இலைச் சாறு கொடுத்தேன், அதனால் டெஸ்ட் வேண்டாம் என்பதும் தப்பு. பாராசிட்டமால் மட்டும், டைக்ளோஃபினாக், இப்யூபுரூஃபன், ஆஸ்பிரின் கூடவே கூடாது. கஞ்சி, இளநீர், உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

விடாத வயிற்றுவலி, அடங்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பு மலம், மயக்கத் தூக்கம், கை கால் சில்லிடுவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, இதில் ஒன்று வந்தாலும் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள், நடுராத்திரியானாலும் சரி. தருமபுரி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போனதும் கையில் உள்ள எல்லா ரிப்போர்ட்டையும் கொடுங்கள், முதல் நாள் எடுத்தது மேலே இருக்கட்டும்.