போமற் பண்ணக் கொடுக்க முதல்: கணினியும் ஈமெயிலும் பழுதானால் வீட்டிலேயே பார்க்கும் முறை

எங்கள் வீட்டுக் கணினி ஒருநாள் காலையில் எழும்பவில்லை. உள்ளே ஃபான் சுற்றும் சத்தம் கேட்டது, திரை கறுப்பாகவே இருந்தது. கடையில் கொடுத்தோம். இரண்டு நாளில் நன்றாக வேலை செய்யும் நிலையில் திருப்பித் தந்தார்கள், ஆனால் உள்ளே ஒரு படமும் இல்லை. போமற் பண்ணிவிட்டார்கள், அதாவது டிஸ்க்கில் இருந்ததை எல்லாம் அழித்துவிட்டார்கள். 2009 இல் போரால் ஒவ்வோர் ஊராக இடம்பெயர்ந்தபோது வீட்டு அல்பங்களைப் பங்கருக்குள் (பதுங்குகுழிக்குள்) விட்டுவிட்டு வந்த குடும்பம் எங்களுடையது. மீள்குடியேறிய பிறகு, வெளிநாட்டில் இருக்கும் பெரியம்மா தன்னிடம் இருந்த பழைய படங்களை ஸ்கான் பண்ணி ஈமெயிலில் அனுப்பியிருந்தா. அம்மப்பாவுக்கு இருந்த ஒரே படம் அதில்தான்.

ஒரு வருடம் கழித்து அதே குறை திரும்ப வந்தது. இந்த முறை நானே திறந்து பார்த்தேன். கணினியின் நினைவகத் துண்டான றாம் கொஞ்சம் இளகியிருந்தது, அவ்வளவுதான். கழற்றிப் பூட்டியதும் திரை வந்துவிட்டது.

அன்றிலிருந்து முல்லைத்தீவு மாவட்டத்தில் எங்கள் ஊரான புதுக்குடியிருப்பில் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய்ப் பார்த்துக்கொடுக்கிறேன். எங்கும் சொல்லும் முதல் வார்த்தை ஒன்றுதான்: கறுப்புத் திரைக்குப் போமற் மருந்து அல்ல. போமற் என்பது விண்டோஸில் வரும் கோளாறுக்குக் கடைசியாகச் செய்யும் வேலை. வயர், பற்றரி, றாம் பிழைத்தால் அதனால் ஒன்றும் சரியாகாது, உள்ளே இருந்தவை மட்டும் போய்விடும். கீழே உள்ள வரிசையில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான்கை ஒன்றாக மாற்றினால் எது பிழை என்று கடைசி வரை தெரியாது.

கரண்டில் இருந்து தொடங்குங்கள்

ஒரு லைற்றும் எரியவில்லை, சத்தமும் இல்லை என்றால் கணினியைத் தொட முதல் சுவர்ப் பிளக்கைப் பாருங்கள். அதே பிளக்கில் ஒரு மேசை ஃபானைக் கொழுவுங்கள். போன் சார்ஜரைக் கொழுவிப் பார்ப்பது போதாது. எங்கள் லைன் 230 வோல்ற், ஆனால் போன் சார்ஜர் 100 வோல்ற்றிலேயே வேலை செய்துவிடும். லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில் பின்னேரம் எல்லோரும் லைற் போடும் நேரத்தில் வோல்ற்றேஜ் இறங்குவது உண்டு. அப்போது போன் சார்ஜ் ஆகும், கணினி எழும்பாது. ஃபான் என்றால் சோர்ந்து சுற்றுவது கண்ணுக்கே தெரியும். கிணற்று மோட்டார் போட்டவுடன் கணினி நின்று திரும்ப எழும்புகிறது என்றாலும் இதே காரணம்தான். அதற்குக் கணினிக் கடைக்காரர் தேவையில்லை, வயரிங் பார்ப்பவரைக் கூப்பிடுங்கள்.

பிளக் சரி என்றால் வயர். மொனிற்றருக்கும் கணினிப் பெட்டிக்கும் வரும் கரண்ட் வயர் பல நேரம் ஒரே மாதிரியானது. இரண்டையும் மாற்றிக் கொழுவுங்கள். இப்போது கணினி எழும்பி மொனிற்றர் இருண்டால் பிழை வயரில்தான். சதுரக் கால் 13 அம்பியர் பிளக்குக்குள் சின்ன ஃபியூஸ் ஒன்று இருக்கும், அது எரிந்திருக்கலாம். பெட்டியின் பின்புறம் கரண்ட் வயர் போகும் இடத்தில் ஒரு சுவிட்ச் இருக்கும். வீடு கூட்டும்போது கைபட்டு அது அணைந்துவிட்டதை இரண்டு வீட்டில் கண்டிருக்கிறேன்.

கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் கணினியைத் தாங்கும் யூபிஎஸ் வைத்திருந்தால் அதைத் தவிர்த்துவிட்டு நேரே சுவரில் கொழுவிப் பாருங்கள். யூபிஎஸ்ஸுக்குள் இருக்கும் 12 வோல்ற் பற்றரி எங்கள் வெக்கைக்கு இரண்டு மூன்று வருடத்தில் களைத்துவிடும். கரண்ட் போன உடனேயே கணினியும் அணைகிறது என்றால் பற்றரி முடிந்துவிட்டது. பற்றரியை மட்டும் மாற்றலாம், முழு யூபிஎஸ்ஸையும் எறிய வேண்டாம்.

இன்னும் எழும்பவில்லையா? வயரை முழுதாகக் கழற்றுங்கள். பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பிறகு கொழுவிப் போடுங்கள். உள்ளே தேங்கியிருந்த மின்சாரம் வெளியேறியதும் எழும்பும் கணினிகள் பல. பற்றரியைக் கழற்றக்கூடிய மடிக்கணினி என்றால் அதையும் கழற்றிவிட்டு இதையே செய்யலாம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். கரண்ட் வயர் போய்ச் சேரும் அந்த இரும்புப் பெட்டி, பவர் சப்ளை, அதைத் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் 300 வோல்ற்றுக்கு மேல் தேங்கி நிற்கலாம். பல்லி ஒன்று உள்ளே போய்க் கருகிய மணம் வந்தாலும் சரி, பெட்டியோடு மாற்றுவதுதான் முறை.

ஃபான் சுற்றுகிறது, படம் வரவில்லை

கீபோர்ட்டில் நம் லொக் பட்டனை அழுத்துங்கள். அதன் லைற் எரிந்து அணைந்தால் கணினி உயிரோடு இருக்கிறது, படம் மட்டும்தான் வந்து சேரவில்லை. மொனிற்றர் வயரை இரண்டு முனையிலும் கழற்றி இறுக்கிக் கொழுவுங்கள். படத்துக்கென்று தனியாகக் கிராபிக்ஸ் காட் பூட்டிய கணினி என்றால் வயர் அதில்தான் போகவேண்டும், மேலே உள்ள மற்ற ஓட்டையில் அல்ல. லைற் அசையவே இல்லை அல்லது பீப் பீப் என்று சத்தம் வருகிறது என்றால் றாமைப் பார்க்கும் நேரம்.

1. கணினியை அணைத்து எல்லா வயரையும் கழற்றுங்கள். பவர் பட்டனை ஒருதரம் அழுத்தி விடுங்கள்.
2. பெட்டியைப் பாயிலோ மேசையிலோ படுக்க வையுங்கள். முன்பக்கம் உங்களைப் பார்த்து நிற்கும்போது பொதுவாக இடது கைப்பக்கத் தகடுதான் திறக்கவேண்டியது. பின்புறத் திருகாணி இரண்டையும் கழற்றித் தகட்டைப் பின்னோக்கி இழுங்கள்.
3. பெட்டியின் பெயின்ற் இல்லாத இரும்பு ஒன்றைத் தொடுங்கள். உடலில் இருக்கும் நிலைமின்சாரம் றாமுக்குக் கூடாது.
4. நீட்டு ஸ்கேல் மாதிரிச் செங்குத்தாக நிற்பதுதான் றாம். முனையில் உள்ள கொக்கியை வெளிப்பக்கம் தள்ளினால் அது மேலே கிளம்பும். எந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள்.
5. பொன்நிறப் பல்லுகளை வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேயுங்கள். தூளை ஊதிவிடாமல் காய்ந்த துணியால் துடையுங்கள், எச்சில் ஈரம் படக்கூடாது.
6. றாமில் உள்ள வெட்டும் ஓட்டையில் உள்ள மேடும் பொருந்தவேண்டும். இரண்டு முனையையும் பெருவிரலால் அமத்துங்கள். 'டிக்' என்று கொக்கி தானாகப் பூட்டும் வரை விடாதீர்கள்.

இரண்டு றாம் இருந்தால் ஒன்றை மட்டும் பூட்டிப் போட்டுப் பாருங்கள், பிறகு மற்றதை. எது பழுது என்று அப்படியே தெரிந்துவிடும்.

திறந்தது திறந்ததுதான், புழுதியையும் எடுத்துவிடுங்கள். கிரவல் வீதியோரத்து வீடுகளில் செம்புழுதி மெத்தை போலப் படிந்திருக்கும். காய்ந்த பெயின்ற் பிறஷ் போதும். ஃபானை விரலால் பிடித்துக்கொண்டு தட்டுங்கள், சுற்ற விடாதீர்கள். பாவிக்கும்போது சூடேறித் தானாக அணையும் கணினிகளில் பல இந்த ஒரு வேலையோடு திருந்திவிடும். மடிக்கணினியை மெத்தையில் வைத்துப் பாவிக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள், கீழே உள்ள ஓட்டை அடைபட்டுவிடும்.

மணிக்கூடு பிழைத்தால் ஈமெயிலும் வராது

இது எங்கள் பக்கத்தில் அடிக்கடி வரும் வருத்தம், பலருக்குக் காரணம் தெரிவதில்லை. இன்ரநெற் இருக்கிறது, ஆனால் ஜிமெயில் திறக்கவில்லை. உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல என்று சிவப்பில் எச்சரிக்கை வருகிறது. ரவுட்டரைக் குறை சொல்ல முதல், திரையின் வலது மூலையில் திகதியைப் பாருங்கள். பல வருடம் பின்னுக்குப் போயிருந்தால் அதுதான் காரணம். பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும் இந்தத் திகதியில் இருந்து அந்தத் திகதி வரை செல்லும் என்ற சான்றிதழோடு வருகிறது. உங்கள் மணிக்கூடு அந்தக் காலத்துக்கு வெளியே நிற்பதால் பிரவுசர் நம்ப மறுக்கிறது.

திகதியைத் திருத்தினால் உடனே ஜிமெயில் திறக்கும். அடுத்த நாள் திரும்பப் பிழைத்தால் பாகங்கள் எல்லாம் பூட்டியிருக்கும் பெரிய பலகையான மதர்போட்டில் இருக்கும் வட்டப் பற்றரி செத்துவிட்டது. மேல்முகத்தில் சிஆர் 2032 என்று எழுதியிருக்கும், 3 வோல்ற், பல மணிக்கூட்டுக் கடைகளிலும் கிடைக்கும். மேசைக் கணினியில் பக்கத்துக் கொக்கியைத் தள்ளினால் கிளம்பி வரும், எழுத்து உள்ள பக்கம் மேலே இருக்கப் புதியதை வையுங்கள். கணினி பிளக்கில் இருக்கும்வரை மணிக்கூட்டுக்குச் சுவர்க் கரண்டே போகும். கழற்றிவைத்த நேரத்தில்தான் இந்தப் பற்றரி வேலை செய்கிறது. சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி மின்னலுக்குப் பயந்து நாங்கள் பிளக்கைக் கழற்றிவைப்பதால் அது கெதியாக முடிகிறது. அதற்காகக் கழற்றுவதை விட்டுவிட வேண்டாம். மின்னல் நேரத்தில் ரவுட்டருக்கு வரும் ரெலிபோன் வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள், அதன் வழியாகவும் மின்னல் உள்ளே வரும்.

'டக் டக்' சத்தம் கேட்டால்

ஹாட் டிஸ்க்கில் இருந்து தட்டுவது போலச் சத்தம் வந்தால் உடனே அணையுங்கள். ஒவ்வொரு முறை போட்டுப் பார்க்கும்போதும் உள்ளே இருப்பவை கொஞ்சம் கொஞ்சமாகப் போகலாம். சத்தம் இல்லாமல் விண்டோஸ் மட்டும் தொடங்கவில்லை என்றால் பயப்படாதீர்கள், படங்களும் கடிதங்களும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி கேஸில் பூட்டி வேறு கணினியில் கொழுவிப் பிரதி எடுக்கலாம். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், படங்கள் ஆகிய மூன்றையும் இன்றைக்கே இன்னோர் இடத்திலும் போட்டுவையுங்கள். பென் டிரைவ் ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம்.

ஈமெயில் போகவில்லை, வரவில்லை

அனுப்பியது திரும்பி வந்தால், திரும்பி வந்த கடிதத்தைப் படியுங்கள். முகவரி கிடைக்கவில்லை என்றால் பெரும்பாலும் புள்ளிக்குப் பதில் கொமா விழுந்திருக்கும், அல்லது ஓர் எழுத்து தவறியிருக்கும். பெட்டி நிறைந்துவிட்டது என்றால் அது வாங்குபவரின் பெட்டி.

ஜிமெயிலில் ஒரு கடிதத்தோடு 25 மெகாபைட் வரைதான் இணைக்கலாம். அதற்கு மேல் போனால் அது டிரைவில் ஏற்றி லிங்காக அனுப்பும், அலுவலகத்தில் அதைத் திறக்க அனுமதி கிடைக்காமல் உங்கள் விண்ணப்பம் கிடப்பில் கிடக்கலாம். சான்றிதழைக் கமெராவால் படம் பிடித்து அனுப்பாமல், போனில் உள்ள கூகுள் டிரைவின் ஸ்கான் வசதியால் பிடிஎஃப் ஆக எடுங்கள். எழுத்தும் தெளிவாக வரும், அளவும் சிறிதாக இருக்கும்.

வரவேண்டியது வரவில்லை என்றால் ஸ்பாம் பெட்டியைப் பாருங்கள். அங்கே 30 நாள்தான் இருக்கும், பிறகு அழிந்துவிடும். அடுத்தது இடம். கூகுள் இலவசமாகத் தருவது 15 கிகாபைட். ஈமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து அவ்வளவுதான், அண்ட்ரோயிட் போனின் வாட்ஸ்அப் பக்கப்பும் (காப்புப் பிரதியும்) இப்போது அதில்தான் கணக்கு. வெளிநாட்டுச் சொந்தங்கள் அனுப்பும் கலியாண வீடியோக்களால் இடம் நிறைந்து, நேர்முகத் தேர்வுக் கடிதம் வராமல் போனதைக் கண்டிருக்கிறேன். வாட்ஸ்அப் பக்கப்பில் வீடியோவை நிறுத்துங்கள். ஜிமெயில் தேடற்பெட்டியின் வலப்பக்கச் சின்னத்தைத் தட்டி, 10 மெகாபைட்டுக்கு மேற்பட்டவற்றைத் தேடி அழியுங்கள். பிறகு குப்பைப் பெட்டியையும் காலி பண்ணினால்தான் இடம் விடுபடும்.

பெட்டி நிறைந்துவிட்டது, இங்கே அமத்துங்கள் என்று யாரோ அனுப்பும் கடிதத்தை அமத்தாதீர்கள். நீங்களாகவே கணக்குக்குள் போய்ப் பாருங்கள்.

பாஸ்வேர்ட் மறந்த கணக்கு

இங்கே பலருடைய முதல் ஈமெயிலைத் திறந்து கொடுத்தது போன், இன்ரநெற் வேலை செய்துகொடுக்கும் கொமினிகேசன் கடைத் தம்பிதான். மீட்பு இலக்கமாக அவரின் போன் இலக்கம் இருக்கும், பாஸ்வேர்ட் துண்டுக் கடதாசியில் இருந்து தொலைந்திருக்கும். அம்மாவின் கணக்கும் அப்படித்தான் இருந்தது. பெரியம்மாவின் கடிதங்கள் அதற்குள்தான் கிடந்தன.

புதுப் போனில் இருந்து முயலாதீர்கள். அந்தக் கணக்கை முன்பு பாவித்த போன் அல்லது கணினியில், வழமையாகப் பாவித்த இடத்தில் இருந்து மீட்பு முயற்சியைத் தொடங்குங்கள். பழகிய கருவியையும் இடத்தையும் கூகுள் கணக்கில் எடுக்கும். கேட்கும் பழைய பாஸ்வேர்ட்டுக்கு நினைவில் உள்ள ஒன்றைக் கொடுங்கள், பிழையானாலும் பரவாயில்லை. குறியீடு போகும் இலக்கம் யாருடையது என்று கடைசி இரண்டு எண்ணை வைத்துக் கண்டுபிடியுங்கள். நாங்கள் அந்தக் கடைக்கே போய், அந்தத் தம்பியின் போனுக்கு வந்த குறியீட்டை அவருக்குப் பக்கத்தில் இருந்தே வாங்கிப் போட்டோம். கணக்குத் திறந்தது. அம்மப்பாவின் படம் கீழே மூன்றாவது கடிதத்தில் இருந்தது.

திறந்த கையோடு மீட்பு இலக்கத்தை உங்களுடையதாக மாற்றுங்கள். பாஸ்வேர்ட்டோடு இன்னொரு குறியீடும் கேட்கும் இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போட்டால், போன் இல்லாத நேரத்துக்கு 10 மாற்றுக் குறியீடுகள் எடுக்கலாம், அவற்றைக் கொப்பியில் எழுதி அடையாள அட்டையோடு வையுங்கள். போன் எடுத்துக் குறியீடு கேட்பவர் யாராக இருந்தாலும் சொல்ல வேண்டாம். 2 வருடம் திறக்காத கணக்கைக் கூகுள் அழிக்கலாம் என்பது இப்போதைய விதி, எனவே பழைய கணக்கையும் இடைக்கிடை திறந்து பாருங்கள்.

இவ்வளவும் பார்த்துச் சரிவரவில்லை என்றால் கடைக்குக் கொண்டுபோங்கள். ஒரு கடதாசியில் எப்போது தொடங்கியது, என்ன சத்தம், எதை மாற்றிப் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். கீழே பெரிய எழுத்தில் 'உள்ளே படங்கள் இருக்கின்றன, என்னைக் கேட்காமல் போமற் பண்ண வேண்டாம்' என்று எழுதி, போன் இலக்கத்தோடு பெட்டியின் மேல் ஒட்டிவிட்டுக் கொடுங்கள்.