மைக்குக்குப் பின்னால் ஒரு முகம்

மார்கழிக் கச்சேரிகளுக்குச் சென்னை போகிறீர்களா? கையில் நல்ல கேமரா இருந்தால் சொந்தக்காரர்களிடம் மூச்சு விடாதீர்கள். நான் விட்டேன். "பேத்தி கச்சேரி 12 மணிக்கு, நீதான் எடுக்கணும்" என்றார் அத்தை. அப்பாவின் கடைசி இரண்டு வருடம் ஆஸ்பத்திரிக்கு அலைந்தது அவர்தான். நான் டொரான்டோவிலிருந்து பணம் மட்டும் அனுப்பினேன். முடியாது என்று எந்த வாயால் சொல்வது?

பாடுகிற பெண்ணே சம்மதித்தால் போதும் என்று நினைத்து 11.30க்குக் கச்சேரி நடக்கும் சபாவுக்குப் போனேன். வாசலிலேயே மடக்கி ஆபீஸுக்கு அனுப்பினார்கள். கடிதம் வேண்டுமாம். எழுதிக் கொடுத்தேன். "எந்த ஊரு?" கனடா என்று உளறினேன். உடனே பாஸ்போர்ட் நகல். பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கரண்ட் இல்லை. அடுத்த தெருவில் எடுத்து வந்தால், கையெழுத்துப் போட வேண்டியவர் கேன்டீனில் இலை முன் உட்கார்ந்திருக்கிறார். சாப்பிடுகிறவரை எழுப்பலாமா? பாயசம் வரை நின்றேன். சுவருக்கு அந்தப்பக்கம் தொடக்கப் பாட்டான வர்ணம் முடிந்து கைதட்டல் கேட்டது. மொத்தம் 14 பேர் தட்டியிருப்பார்கள், அதில் 9 பேர் எங்கள் வீடு. கடைசியில் எழுதித் தந்தார்: ஃபிளாஷ் கூடாது, இடக்கோடியை விட்டு நகரக் கூடாது, முதல் இரண்டு பாட்டுக்கு மட்டும். அப்போது மூன்றாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இருந்தும் எடுத்தேன்.

அதனால் கடிதத்தை இரண்டு நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். ஊர் கேட்டால் மயிலாப்பூர் என்று சொல்லுங்கள்.

மிருதங்கத்தின் வலந்தலை, அதாவது வலக்கை வாசிக்கும் முகம், சபையைப் பார்க்க வேண்டும் என்பதால் வாசிப்பவர் வழக்கமாக நமக்கு இடப்பக்கம் உட்காருவார். அவர் முகம் வேண்டுமென்றால் வலப்பக்கம் இடம் பிடியுங்கள். ராகத்தை மட்டும் விரித்துப் பாடும் ஆலாபனை நடுவே ஷட்டர் சத்தம் இருமலைவிட மோசம். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டால் எல்இடி வெளிச்சம் சிலசமயம் வரிவரியாக விழும். ஷட்டர் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்துக்கு ஒரு கூட்டம் கேன்டீனுக்கு எழுந்து போகும். உங்களுக்கு அதுதான் நேரம். கோயில் நாதஸ்வரம் எடுக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் கோயில்களுக்குள் செல்போனுக்கே தடை போட்டுவிட்டது.

அன்று ராத்திரி அத்தை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு 41 படத்தையும் பார்த்தார். "எல்லாத்துலயும் மைக்குதான்டா பாடுது. அதை மட்டும் அழிச்சுக் குடுக்க முடியாதா?"

சரி என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினேன். இதுவரை ஆறு படம் முடிந்திருக்கிறது. மைக்கை எடுத்துவிடலாம்; அது மறைத்த வாயை எங்கிருந்து கொண்டு வருவது?